மேனேஜருக்கு மாற்றல்

டிசம்பர் 2

சின்னவளுக்கு,

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் மிச்சம் என்று புரிந்துவிட்டதால் எழுதுகிறேன். கடிதத்தை நீ கிழிக்கலாம். ஆனால் கிழிப்பதற்கு முன் முழுசாகப் படித்துவிடுவாய். உன் குணம் எனக்குத் தெரியாதா?

சுண்டுவின் முடியை யாரைக் கேட்டு வெட்டினாய்?

அவள் பிறந்ததிலிருந்து நான் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பார்த்துப் பார்த்து வளர்த்த முடி அது. போட்டோவைத் திறந்ததும் பக்கத்து வீட்டுப் பையன் என்று நினைத்தேன். அப்புறம்தான் அந்தப் பையனின் தோளில் உன் கையைப் பார்த்தேன். நீ அனுப்புகிற எல்லாப் படத்திலும் உன் கை இருக்கிறது. ஒன்றில் தோளில், ஒன்றில் தலையில், இன்னொன்றில் அவள் மோவாயைப் பிடித்துக்கொண்டு. உன் கை இல்லாமல் என் மகளை ஒரு படம் எடுக்க முடியாதா?

அன்றைக்குப் போனில் அவள் சொன்னதைக் கேட்டாயல்லவா? "அப்புறம் பேசறேம்மா, சித்தி காத்துட்டிருக்காங்க." பெற்றவள் காத்திருக்கலாம், சித்தி காத்திருக்கக் கூடாது.

நான் ஊர் சுற்றுவதற்காக அவளை உன்னிடம் விடவில்லை. அவள் அப்பா கப்பலில் இருக்கிறார், கோடைக்குத்தான் கரைக்கு வருவார். இங்கே ஏரியில் பறவைக் காய்ச்சல் வந்து வாத்துகள் செத்து மிதக்கின்றன. எங்கள் குழுவில் ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்ததும், வேலை முடியும்வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்று பயிற்சிப் பள்ளி விடுதியில் எல்லோரையும் அடைத்துவிட்டார்கள். ஒரு அறையில் நான்கு பெண்கள். காலையில் தலையோடு கால்வரை வெள்ளை உடை, முகமூடி, கண்ணாடி. படகில் போய் வலையால் அள்ளி, இரட்டைப் பையில் கட்டி, குழியில் போட்டு மேலே சுண்ணாம்பு கொட்டுகிறோம். உடையைக் கழற்றினால் உள்ளே குளித்துவிட்டு வந்ததுபோல் இருக்கும். அந்த உடையில் ஒரு படம் எடுத்து அனுப்பினேனே, அதைச் சுண்டுவிடம் காட்டினாயா, இல்லை அதையும் மறந்துவிட்டாயா?

வேறு படம் அனுப்பு. உன் கை இல்லாமல்.

அக்கா


டிசம்பர் 9

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை அதிகக் கோபம் வந்தது.

பேன், அக்கா. நீ பார்த்துப் பார்த்து வளர்த்த முடியில் பேன்கள் குடும்பம் குட்டியோடு இருந்தன. பள்ளியிலிருந்து கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். வெட்டும்போது அழுதது நான்தான். அவள் கண்ணாடியைப் பார்த்து, "ஐ, எனக்குக் காது இருக்கு!" என்று குதித்தாள்.

உன் படம் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. தினமும் தூங்கப் போகும்போது அந்த வெள்ளை உடைக்கு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் போகிறாள். நான் ஒன்றையும் மறக்கவில்லை.

பள்ளி விட்டதும் நேராக நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு வந்துவிடுகிறாள். நான் உள்ளே லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். இவள் வெளியே உட்கார்ந்து, யாருக்கு எந்த பிரேம் பொருந்தும் என்று தீர்ப்புச் சொல்வாள். நேற்று ஒரு பெரியவரிடம், "இதைப் போட்டா நீங்க கோவமா இருக்கிற மாதிரி இருக்கு தாத்தா" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவர், "வீட்டுல அதுதாம்மா வேணும்" என்று அதையே வாங்கிக்கொண்டு போனார்.

காலையில் எங்களுக்கு மொட்டைமாடியில் வேலை. பழைய ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொண்டுபோவோம். காக்கைகள் வரும், கால்வாய்ப் பக்கமிருந்து பெரிய வெள்ளைப் பறவைகளும் இப்போது வருகின்றன. ஒரு காக்கைக்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருக்கிறாள். எல்லோருக்கும் கடைசியில் வருமாம், வந்ததும் மற்றதெல்லாம் ஒதுங்கிவிடுமாம், பெரிய துண்டை எடுத்துக்கொண்டு போய்விடுமாம். "சித்தப்பா ஆபீஸ் மேனேஜரும் இப்படித்தானே?" என்று கேட்கிறாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். மிச்சத்தைக் கடுகு என்கிற எங்கள் பூனை நக்கிவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறைத்தேன் என்பாய். "உங்களைச் சித்தியம்மான்னு கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள். உங்கம்மாவைக் கேள் என்று சொல்லிவிட்டேன்.

படம் அனுப்பியிருக்கிறேன். அதில் என் கை இல்லை. என் நிழல் விழுந்திருக்கிறது, அதற்கு நான் என்ன செய்யட்டும்?

உன் தங்கை


டிசம்பர் 15

சின்னவளுக்கு,

சித்தியம்மாவா? அம்மா செத்தா போய்விட்டாள்? அவளாக யோசித்த வார்த்தையா அது, இல்லை யாராவது வாயில் எடுத்துக் கொடுத்தார்களா? நீ நல்லவள்போல் 'உங்கம்மாவைக் கேள்' என்று அவளை என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறாய். நான் முடியாது என்றால் நான் பொல்லாதவள். சாமர்த்தியம்.

அந்தப் பேச்சு வேண்டாம். அவளை உன் படுக்கையில் படுக்கவைக்காதே, தனியாகத் தூங்கிப் பழகியவள். கடையில் வேடிக்கைப் பொருளாக உட்காரவைக்காதே. காலையில் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போகாதே. பறவைகளுக்குத் தீனி போடுவதை இன்றோடு நிறுத்து. சொன்னதைக் கேள்.

இங்கே நான் அள்ளுகிற வாத்துகள் எங்கிருந்தோ பறந்து வந்தவை. பார்த்தால் நோயே இருக்காது, இன்னொரு ஊர்வரைகூடப் பறந்துவிடும். செத்து ஒதுங்கியதைக் காக்கைகள் கொத்தும். கொத்திய காக்கை ஊருக்குள் போய் யார் வீட்டுச் சுவரிலாவது உட்காரும். ஊர் எல்லையில் பலகை வைத்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. உங்கள் கால்வாய்க்கு வருகிற வெள்ளைப் பறவைகள் எனக்குச் சரியாகப் படவில்லை. எச்சத்தில்கூட அந்தக் கிருமி இருக்கும்.

நீயும் அவளும் காலைவெயிலில் மாடியில் நிற்பது என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. என் காலை எப்படி விடிகிறது தெரியுமா? பக்கத்துக் கட்டில்காரி குறட்டையை நிறுத்தும்போது.

அக்கா


டிசம்பர் 21

அக்காவுக்கு,

உன் கடிதத்தில் எது பயம், எது பொறாமை என்று பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை. படுக்காதே, சிரிக்காதே, கூப்பிடாதே, மாடிக்குப் போகாதே, காக்கைக்குப் போடாதே. எல்லாம் ஒரே மூச்சில். காக்கையை மட்டும் எப்படி நான் தனியாக எடுத்து நம்புவது? நானும் அவளும் சேர்ந்து செய்கிற எதுவும் உனக்கு ஆகாது. நாளைக்குப் பல் தேய்ப்பதிலும் ஒரு நோய் இருக்கிறது என்பாய்.

இவரிடம் படித்துக் காட்டினேன். "அக்கா சொல்றதுல ஒண்ணாவது சரியா இருக்கும், கொஞ்சம் யோசி" என்றார். அவரோடும் இரண்டு நாளாகப் பேசவில்லை. இந்த ஊரில் ஒரு வாத்தும் சாகவில்லை, பேப்பரில் ஒரு வரி வரவில்லை.

நீ கேட்காததையும் எழுதிவிடுகிறேன். எனக்கு இரண்டு தடவை தங்காமல் போனது உனக்குத் தெரியும். இரண்டாம் தடவை ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தாய். இடுப்பில் சுண்டு. அவள் உன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள், நீ எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே அவள் கையை எடுத்துவிட்டுக்கொண்டே இருந்தாய். அந்தக் கையை எடுத்துவிடுகிறாளே, இவளுக்கு என்ன திமிர் என்று படுத்தபடி நினைத்தேன். வயிற்றெரிச்சல் உனக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்காதே.

அவளோடு உனக்கு ஆயுசு முழுக்க இருக்கிறது. எனக்கு இந்தக் குளிர்காலத்துக் காலைகள்தான். அதையும் விடு என்கிறாய். தூக்கத்தில் அவள் "அம்மா" என்றுதான் முனகுகிறாள். அது உனக்குப் போதாதா?

மாடிக்கு இப்போது கூட்டம் குறைவுதான். மேனேஜர் இரண்டு நாளாக வரவில்லை. மேனேஜருக்கு மாற்றல் ஆகிவிட்டது என்று சுண்டுவிடம் சொல்லியிருக்கிறேன். கடுகும் சோம்பிப் போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறது. குளிர்தான்.

உன் தங்கை


டிசம்பர் 24

சின்னவளே,

போனை எடு. காலையிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் போனும் அணைந்திருக்கிறது.

தினமும் வருகிற காக்கை வரவில்லை என்றால் அதற்கு மாற்றல் இல்லை. பூனை படுத்தால் அது குளிர் இல்லை. பூனையைத் தொடாதே, அந்த அறைக் கதவைச் சாத்து, சுண்டுவைப் பக்கத்தில் விடாதே. மாடியைப் பெருக்காதே. பெருக்கினால் தூசியோடு மூக்குக்குள் போய்விடும்.

உங்கள் ஊரில் இருக்கும் எங்கள் துறை அலுவலகத்துக்கு உன் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே ஆட்கள் வந்துவிடுவார்கள். கட்டடத்தில் எல்லோரும் உன்னைத் திட்டுவார்கள். நீ என்னைத் திட்டு. எத்தனை வேண்டுமானாலும் திட்டு, போனை எடுத்துத் திட்டு.

இது பொறாமை இல்லை. எப்படி எழுதினால் நம்புவாய் என்று தெரியவில்லை. இது பொறாமை இல்லை.

அக்கா


டிசம்பர் 31

அக்காவுக்கு,

ஆஸ்பத்திரியில் தனி அறையில் இருக்கிறேன். இந்தத் தாளை வெளியே தர மாட்டார்களாம். நர்ஸ் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறேன் என்றாள்.

நீ அனுப்பிய ஆட்கள் வந்த அன்றைக்குப் போனில் நாம் கத்தியதில் உனக்கு எதுவும் காதில் விழுந்திருக்காது. நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் கதவைத் தட்டினார்கள். திறந்தேன். வாசலில் மூன்று பேர், தலையோடு கால்வரை வெள்ளை உடை, கண்ணாடி. முகமே தெரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் சுண்டு என் கைக்கு அடியில் புகுந்து ஓடினாள். "அம்மா வந்துட்டாங்க! சித்தி, அம்மா வந்துட்டாங்க!" முன்னால் நின்றவரின் காலைக் கட்டிக்கொண்டாள். அந்த ஆள் பாவம், கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார். "பாப்பா, நான் அம்மா இல்லம்மா" என்றார். ஆண் குரல். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் அடுத்தவரிடம் ஓடினாள். அப்புறம் மூன்றாமவரிடம்.

மூன்று பேரும் நீ இல்லை என்று தெரிந்ததும்தான் என்னிடம் வந்து அழுதாள். மூன்று அந்நியர்களுக்கு அப்புறம் நான், அக்கா. அவள் தலை வயிற்றில் சுடச்சுட அழுந்தியிருக்கும்போதுகூட நான் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடுகு முந்தின நாளே செத்துவிட்டது. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இன்னும் இரண்டு காக்கை கிடந்தன. கட்டடத்தையே மூடிவிட்டார்கள். கீழ்வீட்டுக்காரி சன்னலைத் திறந்து கத்தினாள், சன்னலைச் சாத்திக்கொண்டும் கத்தினாள்.

போன கடிதத்தில் உனக்கு ஒரு பொய் எழுதினேன். மேனேஜர் வராமல் போகவில்லை. வந்து, மாடிப்படியில் செத்துக் கிடந்தது. சுண்டு எழுந்து பார்த்தால் தாங்கமாட்டாள் என்று வெறுங்கையால் எடுத்துப் பூந்தொட்டியில் புதைத்தேன். உன் கடிதம் அலமாரியில் இருந்தது. அதில் எழுதியிருந்தது நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் உனக்குச் சொன்னால் நீ சரி என்றாகிவிடுமே. அவளைப் பற்றி எல்லாவற்றிலும் நீதான் சரி. இதிலுமா என்று இருந்தது.

ஆட்கள் வந்த அன்றைக்கே எனக்குக் கண் சிவந்திருந்தது. இப்போது காய்ச்சல் ஏறிக்கொண்டு இருக்கிறது. அவளுக்கு ஒன்றும் இல்லையே? அவளை அதற்குப் பக்கத்தில் நான் விடவே இல்லை. அது மட்டும் நிஜம்.

உன் தங்கை


ஜனவரி 5

சின்னவளுக்கு,

இதை நீ எப்போது படிப்பாய் என்று தெரியவில்லை. மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள், தூங்கிக்கொண்டே இருக்கிறாய் என்றார்கள். கண் விழித்ததும் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் நீ கேட்டது. சுண்டுவுக்கு ஒன்றும் இல்லை. மூக்கிலும் தொண்டையிலும் எடுத்துப் பார்த்தார்கள், இரண்டு முறையும் நல்ல பதில். முன்னெச்சரிக்கைக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளையும் நலம், அவர் உங்கள் வீட்டிலேயே தனியாக இருக்கிறார். உன் கடிதம் வந்த அன்று ராத்திரியே, எனக்கு நோய் இல்லை என்று பரிசோதித்து விட்டதும், விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிட்டேன். எங்கள் துறையின் விருந்தினர் அறை ஒன்றை உங்கள் ஊரில் தந்திருக்கிறார்கள். கெடு முடியும்வரை நானும் அவளும் வெளியே போகக் கூடாது. எனக்கு வேண்டியதும் அதுதானே? அவளும் நானும், ஒரு அறை, குறுக்கே யாருமில்லை.

முதல் நாள் அவள் என்னை விருந்தாளியைப் போல் நடத்தினாள். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். வாங்க போங்க, உன்னிடம் கற்றது. தூக்கத்தில் "அம்மா" என்று முனகுகிறாள் என்றாயே. பக்கத்தில் நான் படுத்திருக்கிறேன், இப்போது "சித்தி" என்று முனகுகிறாள். அந்தப் பெண்ணுக்கு யார் இல்லையோ அவர்கள்தான் வேண்டும். நாம் இரண்டு பேரும் இதற்காகவா அடித்துக்கொண்டோம்?

"என்னாலயா சித்திக்கு வந்துச்சு? ரொட்டி நான்தானே போட்டேன்?" என்று நேற்றுக் கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப யாரால?" என்றாள். யாராலும் இல்லை, பறவைகள் வந்தன, அவற்றுக்கே உடம்பு சரியில்லை என்றேன். "அதுங்களுக்கு யாரும் சொல்லலையாம்மா?" என்றாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. பொறாமையை எழுதி எழுதி, நடுவில் ஒரே ஒரு உண்மையான எச்சரிக்கையை வைத்தேன். உறையில் அதை மட்டும் வைத்திருந்தால் கேட்டிருப்பாய்.

இன்னொன்றும் சொல்கிறேன், நீ உன் பொய்யை ஒப்புக்கொண்டதால். மூன்று வெள்ளை உடைகளிடமும் அவள் ஓடினாள் என்று படித்தபோது, உனக்குக் காய்ச்சல் என்ற வரி வருவதற்கு முன்னால், எனக்கு மனசு குளிர்ந்தது. சிரித்தேன்கூட. அடுத்த வரிக்குப் போகாமல் அதையே திரும்பப் படித்தேன். என்னை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

கண்ணைத் திற. திறந்து, என்னை நாலு வார்த்தை கேள்.

அக்கா


ஜனவரி 16

அக்காவுக்கு,

குழாயை எடுத்துவிட்டார்கள். எழுத்து கோணலாக இருந்தால் கைதான் காரணம், மனசு இல்லை. மாடிப்படி ஏறினதுபோல் ஒவ்வொரு வரிக்கும் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறேன்.

நீ எழுதியதை நர்ஸ் மூன்று தடவை படித்துக் காட்டினாளாம். முதல் இரண்டும் எனக்கு நினைவில்லை. மூன்றாவதில், நீ சிரித்தாய் என்ற இடத்தில் விழித்தேன். கோபம் வந்தது. உயிர் வந்தது என்றும் சொல்லலாம். அப்புறம் யோசித்தால், உன் இடத்தில் நானும் அதைத்தான் திரும்பப் படித்திருப்பேன்.

சுண்டுவை நீ கூட்டிக்கொண்டு போ. மனசாரத்தான் சொல்கிறேன், பாதி மனசார. என்னைச் சித்தி என்று கூப்பிட்டால் போதும் என்று அவளிடம் சொல்லிவிடு. அந்த 'அம்மா' சேர்ந்த வார்த்தையை நான் அவள் வாயில் கொடுக்கவில்லை, ஆனால் அவள் கேட்டபோது கீழே போடவும் இல்லை. இரண்டு நாள் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன், யாருக்கும் தெரியாமல்.

கால்வாய் ஓரம் கயிறு கட்டிவிட்டார்களாமே. அடுத்த தெருவில் நிறைய வெள்ளைப் பறவைகள் விழுந்தன என்று இவர் போனில் சொன்னார். உன் தொழில்தான் இப்போது இந்த ஊருக்கும் வந்துவிட்டது. வீட்டுக்குப் போனாலும் கடை முதலாளி கொஞ்ச நாள் வரவேண்டாம் என்றுதான் சொல்லுவார். காலையில் எழுந்து நான் என்ன செய்வேன் என்று நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

உன் தங்கை


ஜனவரி 18

சின்னவளுக்கு,

எங்கள் கெடு முடிந்தது. நேற்று சுண்டுவை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு உன்னைப் பார்க்க வந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை.

தாழ்வாரத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கலாம், உள்ளே போக முடியாது என்றார்கள். சரி என்று நின்றேன். நீ தலையணையில் சாய்ந்திருந்தாய். பாதியாகிவிட்டாய். கழுத்தெலும்பு தெரிகிறது. பக்கத்தில் அந்த நர்ஸ் உட்கார்ந்து, கிண்ணத்திலிருந்து எதையோ ஸ்பூனால் உனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். நீ தலையைப் பின்னால் போட்டுச் சிரித்தாய். இருமல் வந்தது, அதற்குள்ளும் சிரித்தாய். அவள் உன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாய்.

என் வயிறு எரிந்ததடி. சுண்டு விஷயத்தில்கூட இப்படி எரிந்ததில்லை. யார் இவள்? எங்கிருந்து வந்தாள்? உன் முதுகைத் தடவ இவளுக்கு என்ன பாத்தியதை? நீ அப்படிச் சிரித்து நான் எப்போது பார்த்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கண்ணாடியைத் தட்டக் கையைத் தூக்கினேன். நீ திரும்பிப் பார்த்து, என்னைக் கண்டதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயம் வந்தது. கையை இறக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய இடத்துக்கு மூன்று நிறுத்தம் தாண்டி இறங்கினேன்.

சுண்டு உன் வீட்டில்தான் இருப்பாள். நானும் இருப்பேன். உங்கள் கால்வாய் வேலைக்கு ஆள் போதவில்லை என்று கேட்டிருந்தார்கள், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேலை முடிந்து வேறு இடத்தில் குளித்து, உடை மாற்றி, டாக்டர் சரி என்ற பிறகுதான் வீட்டுக்குள் வருவேன். அதில் நான் கறார். மாப்பிள்ளையிடம் கேட்டேன். "ஒரே வீட்டுல நீங்க ரெண்டு பேருமா?" என்றவர், "நான் வேணா கப்பல்ல வேலை தேடிக்கவா?" என்றார். தினமும் சண்டை வரும், தெரியும். வரட்டும். எழுத வேண்டியிராது.

அதுவரை இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. அந்த நர்ஸ் என்ன சொன்னாள்? எதற்கு நீ அப்படிச் சிரித்தாய்? ஒரு வார்த்தை விடாமல் எழுது.

அக்கா